அக்கா முகத்தோடு பதினெட்டு வருஷம்

ஜனவரி 11

என் பூதக்கண்ணாடித் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் இறைவன் கிருபையில் நலம். அவர் முழங்கால் மட்டும் நலமில்லை. மாடிக்கு ஏறும்போது படிக்கு ஒரு பெருமூச்சு என்று கணக்கு வைத்து விடுகிறார். அம்மாவுக்கு இருமல் நின்றதா? உன் வீட்டுக்காரர் ஊரார் குழாயையெல்லாம் சரிசெய்துவிட்டு உன் சமையலறைக் குழாயைச் சொட்டவிடுகிறாரே, அது நின்றதா?

அம்மா போனில் ஒரு சேதி சொன்னாள். படிப்புச் சான்றிதழ் இல்லாமல் அனுபவத்தில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் இந்த வருஷம் ஒரு தேர்வு எழுதிப் பதிவு வாங்கவேண்டுமாமே. தேர்வுக்கு உட்கார, முகம் தெரிகிற புது அடையாள அட்டை வேண்டுமாமே. இதையெல்லாம் நீ என்னிடம் சொல்லமாட்டாய். போனில் உனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை "ம்". காகிதத்தைக் கண்டால்தான் உனக்கு வாய் திறக்கும். அதனால்தான் இந்தக் காலத்திலும் உட்கார்ந்து கடுதாசி எழுதுகிறேன். தபால்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

தங்கச்சி, அடம் பிடிக்காதே. நீ முகத்தை மூடுவது உன் விருப்பம், அதில் நான் தலையிட்டதே இல்லை. (சரி, இரண்டு தடவை தலையிட்டேன்.) ஆனால் பதினாலு வருஷம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை நட்டு வைத்துக் கற்றுக்கொண்ட தொழில். ஒரு போட்டோவுக்காக அதை விட்டுவிடாதே. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடு. இல்லை, கண்ணை மூடாதே, திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

என் பக்கமும் ஒரு நல்ல சேதி. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. ஏப்ரல் 29 நேர்காணல். கிடைத்துவிட்டால் நினைத்தபோது ஊருக்கு வந்து போகலாம். பதினோரு வருஷமாயிற்றே உங்களைப் பார்த்து. நீதான் படமும் அனுப்பமாட்டாய், வீடியோவிலும் வரமாட்டாய்.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சத்தமாகப் படி. அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தவிர.

துஆவுடன்,
அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. குழாய் நிற்கவில்லை. இவரைக் கேட்டால் "வாஷர் வாங்கணும்" என்கிறார். பையில் நாற்பது வாஷர் இருக்கிறது.

அடம் என்று யார் உனக்குச் சொன்னது? நான் போட்டோ எடுக்கமாட்டேன் என்று சொல்லவே இல்லை. ஆண்கள் எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். பெண்கள் முன்னால், தேவைக்கு, முகம் காட்டுவதில் தவறில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுவிட்டேன். அட்டை அலுவலகத்துக்கும் இவர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் கேமராவில் ஒரு பெண் இருப்பாராம். திரை போட்ட சின்ன அறை உண்டாம். இவர் கேட்டுக்கொண்டிருந்தபோதே அந்த அறையின் வாஷ்பேசினில் ஒழுகுவதைப் பார்த்து அதைச் சரிசெய்துவிட்டும் வந்திருக்கிறார். நம் வீட்டுக் குழாய்க்கு மட்டும் அந்த பாக்கியம் இல்லை.

இங்கே கூடத்தில் எல்லோருக்கும் பாதி முகம்தான் அக்கா. மாஸ்க் போட்டுக்கொண்டுதான் ரத்தத்தையும் சளியையும் தொடுகிறோம். எங்கள் டாக்டரம்மாவுக்கு என் கண்ணைத்தான் தெரியும். "உன் கண்ணு போதும்மா எனக்கு" என்பார். நான் எண்ணிக் கொடுத்த ரத்த அணுக்கணக்கை அவர் திரும்ப எண்ணிப் பார்த்து வருஷக்கணக்காகிறது. பதிவு கிடைத்துவிட்டால் அறிக்கையில் நானே கையெழுத்துப் போடலாம். இதுவரை அவர் கையெழுத்தின் கீழேதான் போகிறது. எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும் அக்கா. வேறு எதையும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அடைப்புக்குறியையும் சேர்த்துத்தான் படித்துக் காட்டினேன். அம்மா "ரெண்டு தடவையா? ஏழு தடவ" என்றாள்.

மச்சானுக்கு ஸலாம் சொல்.

உன் தங்கை

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல். உன் பதில் வருமுன்னே எழுதுகிறேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

போட்டோ ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. நேற்றிரவு தூங்காமல் புரண்டதெல்லாம் வீண். கேமரா அம்மாள் நல்ல உயரம், நல்ல குரல். திரையை இழுத்துவிட்டு, கதவையும் தாழ்போட்டுவிட்டு, "நிதானமா எடுத்துக்கலாம்மா, வெளிய நிக்கறவங்க நிக்கட்டும்" என்றார். முகத்திரையை எடுத்தேன். எடுத்தார். போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான். இதற்கா உலகமே சண்டை போடுகிறது என்று தோன்றியது.

பிறகு அவர் கணினியில் என் பழைய அட்டையின் படத்தைப் புதுப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். சிவப்பில் ஒரு கட்டம் வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது யாரும்மா?" என்றார்.

அக்கா, எனக்கு மறந்தேபோயிருந்தது. சத்தியமாக. பள்ளி இறுதித் தேர்வுக்கு முன்னால் அட்டை எடுக்கக் கடைசி நாள், நான் அப்போதுதான் முகம் மூட ஆரம்பித்திருந்தேன், ஸ்டுடியோவில் இருந்தவர் ஆண், நான் வாசலிலேயே நின்று அழுதேன். நீதான் வீட்டுக்கு ஓடிப்போய் உன் படத்தை எடுத்து வந்தாய். "நாம ரெண்டு பேரும் ஒரே அச்சுதானே. மூடின முகத்த எவன் தெறந்து பாக்கப் போறான், ஒட்டுடி" என்றாய். ஒட்டினேன். எவனும் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷம் உன் முகத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். புதுப் படம் எடுக்கக் கிளம்பியபோதுகூட அது நினைவுக்கு வரவில்லை. பைத்தியக்காரி.

கூடத்தில் ஒரு சோதனைக் குழாயில் பேர் ஒன்று, ரத்தம் ஒன்று என்று சந்தேகம் வந்தாலே நான் தூக்கி வீசிவிட்டுப் புது மாதிரி கேட்பேன். மற்றவர்களைத் திட்டவும் செய்வேன். அப்படிப்பட்டவள் என் மேலேயே தப்பான சீட்டை ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

கேமரா அம்மாள் கோபப்படவில்லை. "யாரோ உங்க பேர்ல ஆள்மாறாட்டம் பண்ணலன்னு எனக்குத் தெரியணும். அது யாரோட படம்னு பேரு விலாசத்தோட எழுதி, அந்த ஆளும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மேல அனுப்பிடுவேன். அதுவரைக்கும் புது அட்டை வராது" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன் பேரைச் சொல்லவில்லை. படிவத்தின் நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். தேர்வு விண்ணப்பத்துக்கு மே 31 கடைசி நாள்.

என்ன செய்யட்டும் அக்கா?

உன் தங்கை

*

மார்ச் 24

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம்தானே? கடிதம் தாமதமானதற்குக் கோபிக்காதே. இங்கே மூச்சுவிட நேரமில்லை. ஓட்டலில் ஏதோ பெரிய மாநாடு, நானூறு அறையும் நிரம்பிவிட்டது. நானூறு அறை என்றால் எண்ணூறு படுக்கை விரிப்பு, ஆயிரத்து அறுநூறு தலையணை உறை, துண்டைக் கேட்கவே கேட்காதே. எங்கள் சலவைப் பிரிவில் இஸ்திரி உருளை ஒன்று பழுதாகி, மீதி ஒன்றில் பதினாலு பேர் மல்லுக்கு நிற்கிறோம். புதிதாக வந்த பெண் ஒருத்தி சிவப்புக் காலுறையை வெள்ளையோடு போட்டுவிட்டாள். ஒரு தளம் முழுக்க ரோஜா நிறத்தில் துண்டு. மேலாளர் குதித்தார். விருந்தாளிகளோ நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு துண்டைச் சுருட்டிக்கொண்டே போய்விட்டார்கள்.

மச்சானுக்கு முழங்காலில் ஊசி போட்டிருக்கிறது. இப்போது பெருமூச்சு இரண்டு படிக்கு ஒன்று. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் துளிர்க்கின்றன. அம்மாவுக்கு ஒரு போர்வை வாங்கி வைத்திருக்கிறேன், நேரில் கொண்டுவரலாம் என்று.

அந்த அட்டை விஷயத்தைக் கொஞ்சம் ஆறப்போடு. அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே.

உன் வீட்டுக்காரருக்கு ஸலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது. ரோஜாத் துண்டுக் கதையைப் படித்து அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சரி அக்கா. நீ சொன்னபடியே இருக்கிறேன். யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. தேர்வும் எங்கே போய்விடப்போகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன் நேர்காணல் நல்லபடி முடிய துஆ செய்கிறோம். எனக்கு ஒரு குறையும் இல்லை. கை மட்டும் கொஞ்சம் காய்ந்து வெடித்திருக்கிறது. எண்ணெய் தடவுகிறேன்.

உன் தங்கை

*

ஏப்ரல் 10

என் மூத்த மகளுக்கு அம்மா எழுதுவது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஸலாம். அவருடைய முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஊசியை நம்பாதே.

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. எழுத்து கோணலாக இருக்கும், பார்த்துப் படித்துக்கொள். இந்தக் கடிதம் உன் தங்கைக்குத் தெரியாது. அவள் உனக்கு எழுதியதை ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்புதான். அவள் எழுதியது அதைவிடப் பெரிய தப்பு.

கை ஏன் வெடித்திருக்கிறது என்று அவள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். சோப்புத் தண்ணீர். மார்ச்சில் மேலிடத்து ஆட்கள் வந்து கூடத்தைச் சோதித்திருக்கிறார்கள். தேர்வுக்கு விண்ணப்பம் போடாதவர்கள் கருவிகளைத் தொடக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். டாக்டரம்மா எவ்வளவோ வாதாடிப் பார்த்தாராம். மூன்று வாரமாக என் மகள் பின்கட்டில் நின்று குப்பி கழுவுகிறாள். அவள் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"தேர்வும் எங்கே போய்விடப்போகிறது" என்று எழுதியிருக்கிறாளே, அது பொய். அனுபவக்காரர்களுக்கு இந்த ஒரு தடவைதான். இதை விட்டால் குப்பிதான், சாகும்வரை.

போட்டோ சங்கதி எனக்குத் தெரியாது என்று நீங்கள் இரண்டு பேரும் பதினெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் அலமாரியில் இருந்த உன் படம் காணாமல்போய் அவள் அட்டையில் முளைத்தால் எனக்குத் தெரியாதா? பெற்றவளுக்குத் தெரியாத முகமா? அன்றைக்கே கூப்பிட்டு இரண்டு பேர் முதுகிலும் வைத்திருக்கவேண்டும். பிள்ளை தேர்வு எழுதட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் இதில் பங்கு உண்டு.

உனக்கு அங்கே என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. காரணமில்லாமல் நீ "ஆறப்போடு" என்று எழுதமாட்டாய். அதனால் நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் கேட்கமாட்டாள். நடப்பதைச் சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

*

ஏப்ரல் 27

தங்கச்சி,

ஸலாம். இந்த உறையில் ஒரு தடித்த காகிதம் இருக்கும். அதை முதலில் எடுத்துப் பத்திரமாக வை. பிறகு என்னைத் திட்டிக்கொண்டே இதைப் படி.

அது நீ அனுப்பிய படிவம்தான். என் பேர், விலாசம், பழைய படம் என்னுடையது, ஒட்டச் சொன்னது நான் என்று எழுதி, நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது எடுத்த என் படமும் இருக்கிறது. அவர் மூன்று தடவை படித்துவிட்டு, "இந்த மாதிரி ஒரு கேஸு நான் பாத்ததே இல்லம்மா" என்றார். அவரும் தமிழ்தான். கட்டணம் வேண்டாம் என்றவர், கதையை மட்டும் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

இப்போது நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். என் விண்ணப்பத்தில் பதினாலாவது கேள்வி: "உங்கள் புகைப்படமோ ஆவணமோ எப்போதாவது வேறொருவர் பேரில் பயன்பட்டிருக்கிறதா?" நான் "இல்லை" என்று போட்டிருந்தேன். போடும்போது நினைவே இல்லை. உன் பிப்ரவரிக் கடிதம் வந்ததும் எனக்கு அந்தப் பதினாலுதான் கண்ணில் நின்றது. நீ என் பேரை எழுதிக் கொடுத்து, அது எப்படியோ இங்கே வந்து சேர்ந்து, பொய் சொன்னவள் என்று என்னைக் கழித்துக்கட்டிவிட்டால்? பதினோரு வருஷம் இஸ்திரி உருளையின் சூட்டில் நின்றதெல்லாம் போச்சே என்று பயந்தேன். ஒரு மாதம் உனக்குப் பதில் எழுதாமல் இருந்து, கடைசியில் துண்டுக்கதை எழுதி அனுப்பினேன். மடியில் கனம், வழியில் பயம். நீ என்ன செய்யட்டும் என்று கேட்டாய், நான் ரோஜாத் துண்டு என்றேன். நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நீ குப்பி கழுவுவது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. தெரியும். உன் கை வெடித்ததற்குக் காரணம் நான். அதைப் படித்த அன்று வேலைக்குப் போய், அழுக்குத் துணி வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். சிவப்புக் காலுறைப் பெண் வந்து தண்ணீர் கொடுத்தாள்.

நாளை மறுநாள் நேர்காணல். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கப்போவதில்லை. உட்கார்ந்ததும் பதினாலாவது பதில் தப்பு என்று நானே சொல்லப்போகிறேன். மச்சானிடம் சொன்னேன். பயந்து தடுப்பார் என்று நினைத்தேன். "சொல்லிட்டு வா. என்னைக்குத் தெரிஞ்சுடுமோன்னு தினம் பயந்துட்டு இருக்கறத விட அது மேல்" என்றார்.

அம்மாவிடம் எனக்காக எதுவும் சொல்லவேண்டாம். அவளுக்குத் தெரியும்.

அக்கா

*

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். காகிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. அடுத்த நாளே செவ்வாய். ஓடினேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்திருந்தால் புளித்துவிடும். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. நல்ல கோபம். குப்பியைத் தேய்க்கும்போதெல்லாம் உன்னைத்தான் தேய்த்தேன். உனக்கு ஏதோ இக்கட்டு என்று புரிந்தது, அதனால்தான் "சரி அக்கா" என்று எழுதினேன். ஆனால் என்ன இக்கட்டு என்று நீ சொல்லியிருந்தால், கோபப்படாமலே கழுவியிருப்பேன். பதினாலாவது கேள்வியைப் படித்ததும் கோபம் போய்விட்டது. இப்போது பயம்தான். நேர்காணல் என்னவாயிற்று? உடனே எழுது. உனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த அட்டை எனக்கு எதற்கு?

சரி, அலுவலகக் கதை. கேமரா அம்மாள் உன் காகிதத்தை வரி வரியாகப் படித்தார். பிறகு மேசையில் மூன்று படங்களை வரிசையாக வைத்தார். பழைய நீ, இப்போதைய நீ, நான். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுவும் இதுவும் உங்க அக்கா. சரி. நீங்க எங்கம்மா இவங்கள மாதிரி? மூக்கு வேற, தாடை வேற, நெத்தி வேற. ஒரே அச்சுன்னு யாரு சொன்னது?"

"எங்க வீட்ல எல்லாரும்."

"எல்லாரையும் கண்ணு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

அக்கா, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் என் படத்தைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது. கண்ணாடி பார்க்கிறேன்தான், ஆனால் அதில் தெரிவது உன் ஜாடை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் முகம் எப்படி என்று யாராவது கேட்டிருந்தால் உன் முகத்தைத்தான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு மேசையில் ஒரு முப்பத்தைந்து வயதுக்காரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் முறைப்பு. புருவத்துக்கு நடுவே ஒரு கோடு, மைக்ரோஸ்கோப் போட்ட கோடாக இருக்கும். நீ அழகிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

எச்சரிக்கை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பத்து நாளில் அட்டை வந்துவிடும் என்றார்கள். ரசீதை வைத்தே தேர்வு விண்ணப்பம் போட்டாயிற்று. டாக்டரம்மா அன்று மத்தியானமே பின்கட்டுக்கு வந்து என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கிப் போட்டார். "போம்மா, உன் நாற்காலிய அந்தப் பசங்க உயரம் மாத்தி வெச்சுட்டானுங்க, போய்ச் சரிபண்ணு" என்றார்.

எழுது அக்கா. நல்லதோ கெட்டதோ, துண்டுக்கதை மட்டும் வேண்டாம்.

உன் தங்கை

*

ஜூன் 19

என் முறைப்புக்காரத் தங்கச்சிக்கு,

ஸலாம். துண்டுக்கதை இல்லை, போதுமா? தாமதத்துக்கும் காரணம் இருக்கிறது. முடிவுக் கடிதம் கையில் வராமல் உன்னைக் கலவரப்படுத்தவேண்டாம் என்று காத்திருந்தேன். நேற்று வந்தது.

நேர்காணலில் இரண்டு பேர். உட்கார்ந்ததும், அவர்கள் பேனாவைத் திறக்குமுன்னே, "பதினாலாவது பதில் தப்பு" என்று ஆரம்பித்துவிட்டேன். ஸ்டுடியோ வாசலில் நீ அழுததிலிருந்து குப்பி வரைக்கும் கொட்டிவிட்டேன். நிறுத்தினால்தானே? அவர்களில் ஒரு அதிகாரி கையை உயர்த்தி, மெதுவாகப் பேசுங்கள், எழுதவேண்டும் என்றார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோமே, ஏன் நீங்களாகச் சொன்னீர்கள் என்று. "என் தங்கச்சி குப்பி கழுவறா" என்றேன். அவருக்கு அது புரிந்ததோ என்னவோ, எழுதிக்கொண்டார்.

முடிவு இதுதான்: தள்ளவில்லை, கொடுக்கவும் இல்லை. தவறான தகவல் தந்ததற்குக் கண்டிப்பு. ஒரு வருஷம் கழித்து மீண்டும் பரிசீலிப்பார்கள், தானாகத் திருத்திக்கொண்டது எனக்குச் சாதகமாகக் கணக்கில் வரும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆக, இந்த வருஷம் நான் வரமுடியாது. போர்வையைப் பார்சலில் அனுப்புகிறேன், அம்மா குளிரில் இருக்கவேண்டாம்.

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். கடிதத்தைப் படித்ததும் ஒரு மூச்சு அழுதேன். ஆனால் அழுது முடித்ததும் பசித்தது தங்கச்சி. பிப்ரவரியிலிருந்து எனக்குச் சரியாகப் பசித்ததே இல்லை. ஒரு வருஷம்தானே, பதினோரு வருஷத்தைத் தின்றவளுக்கு இது எம்மாத்திரம்!

நாம் ஒரே அச்சு இல்லையாமே! எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. அப்படியென்றால் பதினோரு வருஷமாக உன்னை நினைக்கும்போதெல்லாம் என் மூக்கையே உனக்கு ஒட்டி நினைத்துக்கொண்டிருந்தேனா? நேரில் வந்து பார்த்துத் திருத்திக்கொள்கிறேன். படம் அனுப்பச் சொல்லமாட்டேன். மூன்றாவது தடவையாகத் தலையிட்டேன் என்று பேர் வாங்க எனக்கு ஆசையில்லை.

தேர்வு என்று? நன்றாகப் படி. இரவில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, உன் தொழிலே கண்தான்.

துஆவுடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். போர்வை வந்தது. அம்மா வெயிலிலும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், யாராவது கேட்டால் உன் பேரைச் சொல்வதற்காக. மச்சான் மாடி ஏறுகிறாரா?

இன்று தேர்வு. எழுதி முடித்துவிட்டு நேரே வந்து உட்கார்ந்திருக்கிறேன், கை வலியோடு. எப்படி எழுதினாய் என்று கேட்பாய். நன்றாகவே எழுதினேன். நான் சொல்லவந்தது அதுவல்ல.

ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். வாசலில் இருந்த காவலாளி என்னைப் பார்த்ததும் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். "மொகம் தெரியாம உள்ள விட முடியாதும்மா." நான் சொன்னேன், "காட்டறேங்க. ஒரு பொம்பளய மட்டும் கூப்பிடுங்க." மேற்பார்வைக்கு வந்திருந்த பெண் மூன்றாவது மாடியில் வினாத்தாள் பிரித்துக்கொண்டிருக்கிறாராம். ஆள் போயிற்று. வரவில்லை. இன்னொரு ஆள் போயிற்று. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போய்விட்டார்கள். ஒருத்தர் முணுமுணுத்துக்கொண்டே போனார், அதை எழுதமாட்டேன். முதல் மணி அடித்தது. வெளியே நின்ற இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வந்துருவாங்க, வந்துருவாங்க" என்று என்னைவிட அதிகமாக வேர்த்துக்கொண்டிருந்தார். காவலாளிக்கே மனசு கேட்கவில்லை. கடைசியில் அவரே படியேறி ஓடினார்.

அந்த அம்மாள் மூச்சிரைக்க வந்தார். என்னை உள்ளே, துடைப்பமும் வாளியும் வைக்கிற சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். திரையை எடுத்தேன். அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அட்டையைப் பார்த்தார். புது அட்டைதான், சரியான படம்தான், எல்லாம் தெரியும். ஆனாலும் அந்தப் பழைய பயம் காலைப் பிடித்துக்கொண்டது.

"நீங்கதான். போங்க போங்க, ரெண்டாவது மணி அடிக்கப்போறாங்க" என்றார்.

அவருக்கு அது ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்கிற வார்த்தையாக இருக்கும். அந்தப் பழைய அட்டையை எத்தனை மேசையில் நீட்டியிருப்பேன் அக்கா! முதல் சில வருஷம், பார்த்துவிடுவார்களோ, பார்த்துவிடுவார்களோ என்று அவர்கள் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பேன்; பிறகு அதுவும் பழகி மறந்தேபோயிற்று. ஒருவரும் பார்க்காததைப் பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு ஒருவர் பார்த்தார். நன்றாக, நிதானமாகப் பார்த்துவிட்டு, நான்தான் என்று சொன்னார்.

திரையைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். இடத்தைத் தேடி உட்கார்ந்து, தாளின் மேலே என் பேரை எழுதினேன்.

உன் தங்கை